மேட்டுக்குச் சின்ன நிரை

இயந்திரங்களை அணைத்தது நீங்கள். மின்தடை அல்ல, இடி அல்ல, கூட்டித் துடைக்க வரும் அம்மாவும் அல்ல. நீங்கள்தான் உங்கள் கையால் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தீர்கள். அப்போது இருபத்திரண்டு கணினிகள் பதினொரு நாட்களாக ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தன. இன்னும் மூன்று நாள் மிச்சம் இருந்தது. பிறகு, அப்படி ஒரு கணக்கே நடக்கவில்லை என்று கடிதம் எழுதிக் கையொப்பம் வைத்ததும் நீங்கள்தான்.

எனக்கு அலங்காரமாக எழுத வராது. நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

நான் உங்கள் உயர்கல்வி நிறுவனத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். பெயர்தான் பெரிது. விரிவுரையாளர்களின் கணினி நின்றுபோனால் ஓடிப்போய்ப் பார்ப்பதும், பிரிண்டரில் சிக்கிய தாளை இழுத்து எடுப்பதும்தான் வேலை. நீங்கள் எங்கள் பிரிவின் தலைவர், கலாநிதிப் பட்டம் பெற்றவர். எல்லோரும் உங்களை சேர் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குண்டசாலையில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறையில் இருக்கிறேன். நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், காலையில் கேற்றடியில் கண்டால் சிரிப்பார்கள். என் தொலைபேசி அடித்தால் யாருடைய பிரிண்டரோ நின்றுவிட்டது என்று அர்த்தம். எனக்கென்று இருந்தது அக்கா மட்டும்தான்.

அக்கா வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். எட்டு வீடுகளை ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய லயம். அவளுடையது ஐந்தாவது. அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். லயத்தின் பின்சுவரில் இருந்து நாலு அடி தள்ளி மேடு தொடங்கும். அது நேரே மேலே போகும். ஒரு மழைக்காலத்தில் அந்த மேட்டின் நடுப்பாதையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்தது. தோட்டத்தில் இருந்து ஆள் அனுப்பி அதில் மண்ணைப் போட்டு மூடினார்கள். ஒரு அரசாங்க உத்தியோகத்தர் வந்து, குடையோடு பாதையிலேயே நின்று மேலே பார்த்தார். வேறு இடத்தில் காணி கொடுக்க வேண்டுமென்றால் ஆய்வு அறிக்கை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அறிக்கையை யார் தருவார்கள் என்று அவர் சொல்லவில்லை. கேட்டதற்கு, "படிச்ச ஆக்கள்" என்றாராம்.

எங்கள் நிறுவனத்தின் கீழ்மாடியில் ஒரு அறை. கழித்துவிட்ட கணினிகள் அங்கே அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றும் தனியே எதற்கும் உதவாது. ஆனால் ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி, ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்து, எல்லாவற்றையும் கேபிளால் இணைத்துவிட்டால், கிழட்டுக் கணினிகளும் சேர்ந்து ஒரு பெரிய இயந்திரத்தின் வேலையைச் செய்யும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. உலகம் முழுக்கச் செய்கிறார்கள். இணையத்தில் வாசித்துப் படித்தேன்.

உங்களிடம் வந்து கேட்டேன். ஒன்றை மறைக்கக் கூடாது. அறையைத் திறந்து கொடுத்தது நீங்கள்தான்.

"ஓம், அது சும்மாதானே கிடக்குது. செய்யும். ஆனா ஒண்டையும் உடைச்சுப் போடாதேயும்" என்று சொல்லிச் சாவியைத் தந்தீர்கள். என்ன கணக்கு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இருபத்திரண்டு தேறின. ஒன்று முதல் இருபத்திரண்டு வரை நெற்றியில் எண் எழுதி ஒட்டினேன். கேபிள்கள் எல்லாம் ஒரு பெட்டியில் வந்து சேரும். முதலாம் கணினி வேலையைப் பிரித்துக் கொடுத்து, விடைகளைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளும். மற்றவற்றுக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. வெறும் பெட்டிகள்.

கணக்கு இதுதான். அந்த மேட்டைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரிப்பது. ஒவ்வொரு சதுரத்திலும் எவ்வளவு சரிவு, எவ்வளவு மண், எவ்வளவு மழை, தண்ணீர் எவ்வளவு உள்ளே போகும், எந்த அளவில் அந்த மண் பிடி விடும் என்று பார்ப்பது. சரிவின் அளவு இலவசமாகக் கிடைத்தது. மழை அளவைத் தோட்டத்து அலுவலகத்துப் பதிவுக் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொண்டேன். மேட்டை இருபத்திரண்டு சம பங்காக வெட்டி ஆளுக்கொன்று கொடுத்தேன்.

ஓடவில்லை. அதாவது ஓடியது, ஆனால் நகரவில்லை. இரண்டு வாரத்தில் முடியும் என்று நினைத்தது மூன்று மாதம் காட்டியது. அந்த அறையில் சனி, ஞாயிறு பகலெல்லாம் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து காதால் கேட்டேன். ஐந்தாறு கணினிகளின் விசிறி மட்டும் இரைந்துகொண்டிருக்கும். மற்றவை ஒரு நிமிடம் இரைந்து அடங்கிவிடும். என்ன பிழை என்று கேட்க ஆள் இல்லை. உங்களிடம் கேட்டிருக்கலாம். நீங்கள் கூட்டத்தில் இருந்தீர்கள். எப்போது வந்தாலும் கூட்டத்தில்தான் இருந்தீர்கள்.

ஒரு ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்து நெத்தலி கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் புலம்பினேன்.

"எல்லாத்துக்கும் ஒரே அளவா பிரிச்சுக் குடுத்தியா?" என்று கேட்டாள்.

"ஆமா. இருபத்திரண்டு பங்கு. சரிசமமா."

"மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே நிரையா? எந்தக் கங்காணிடா அது? கிறுக்கனா?"

"நான்தான்."

"அதான பார்த்தேன். படிச்ச கங்காணி." பிள்ளைகள் இரண்டும் சிரித்தன. அவள் நெத்தலித் தலையை என் பக்கம் சுண்டி எறிந்தாள். "ஏன்டா, மேட்டுல நிக்கிறவ ஒரு செடிக்கு நாலு தடவ காலப் பதிக்கணும். கீழ நிக்கிறவ முடிச்சிட்டு வெத்தல போட்டுக்கிட்டு ஒக்காந்திருப்பா. அதனாலதான் மேட்டுக்குச் சின்ன நிரையா போடுறது. அப்பத்தான் எல்லாரும் ஒண்ணா ரோட்டுக்கு எறங்கலாம்."

கொழுந்து மலையில், வேலையை மேற்பார்க்கும் கங்காணி ஒவ்வொருவருக்கும் பிரித்துக் கொடுக்கும் செடி வரிசையைத்தான் நிரை என்பார்கள். நான் லயத்தில் பிறந்தவன். எங்கள் அம்மா நிரை பிடித்ததைப் பார்த்து வளர்ந்தவன். இது எனக்குத் தோன்றவில்லை. எந்தக் கணினிப் புத்தகத்திலும் இருக்கிற விஷயம்தான், அழகான பெயரும் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தை வாசித்தும் இருந்தேன். ஆனால் புரிந்தது நெத்தலித் தலை சட்டையில் பட்டபோதுதான்.

செங்குத்தான சதுரத்தில் கணக்கு ஒரு தடவையில் முடியாது. திரும்பத் திரும்பப் போட வேண்டும். அடுத்த கணினி தன் விளிம்பில் உள்ள எண்ணைத் தராமல் இந்தக் கணினியும் அடுத்த அடி வைக்க முடியாது. ஆகவே மேட்டை வைத்திருந்த ஐந்தாறு பேருக்காக மற்ற எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் பங்கை மாற்றினேன். செங்குத்துக்குச் சின்னத் துண்டு, சமதரைக்குப் பெரிய துண்டு. திங்கட்கிழமை மத்தியானம் இருபத்திரண்டு விசிறிகளும் ஒரே சத்தத்தில் இரைந்தன. மழை தகரத்தில் விழுகிற மாதிரி இருந்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தாழ்வாரத்தில் கூட்டுகிற அம்மாதான் இருந்தார். கடுகண்ணாவையில் இருந்து ரயிலில் வருபவர். சிங்களம்தான் பேசுவார். என்னிடம் மட்டும் தமிழ் பேசிப் பழகுவார். "இப்போது எல்லாம் வேலை செய்கிறது" என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் எட்டிப் பார்த்து, "ஐயோ, நல்லம், நல்லம் மாத்தையா" என்றார். மாத்தையா என்றால் சிங்களத்தில் ஐயா. அந்த இயந்திரத்தைப் பார்த்து நல்லது என்று சொன்ன முதல் ஆள் அவர். கடைசி ஆளும் அவரே.

அடுத்து வந்த போயா, பௌர்ணமி விடுமுறை, சனி ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாள். கணக்கு தானாக ஓடட்டும் என்று நான் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து அறையைத் திறந்தால், கணினிகள் ஒன்றும் தெரியவில்லை. பழைய ஜன்னல் சீலைகள் தெரிந்தன. எங்கள் நிறுவனத்தில் விடுமுறைக்கு முன் எல்லாக் கணினிகளுக்கும் உறை போட்டு மூட வேண்டும் என்பது வழக்கம். மேல்மாடிக் கணினிகளுக்குத் தைத்த உறை உண்டு. இந்தக் கிழடுகளுக்கு யாரும் தைக்கவில்லை. அந்த அம்மா வீட்டில் இருந்து சீலை கொண்டுவந்து, கழுவி மடித்த சீலை, ஒவ்வொன்றாகப் போர்த்திவிட்டுப் போயிருக்கிறார். திரை இல்லாத பெட்டி ஓடுகிறதா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஒன்பது கணினிகள் சூட்டில் தாமாகவே நின்றுவிட்டிருந்தன. மற்றப் பதின்மூன்றும் நிற்கவில்லை. ஆனால் வேலையும் செய்யவில்லை. பக்கத்தில் இருந்து வர வேண்டிய எண் வரும் வரும் என்று மூன்று நாளாகக் காத்துக்கொண்டிருந்தன.

நான் கத்தினேன். தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"தூசி தானே மாத்தையா" என்றார் அவர். "லீவு மூணு நாள். பாவம்தானே, இதுக்கு உறை இல்ல."

அவர் சீலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தார். அழவில்லை. மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். ஒன்பதில் ஒன்றும் சாகவில்லை. தினமும் பிற்பகல் இரண்டு மணிக்குக் கணக்கு எந்த இடத்தில் நிற்கிறது என்பதை முதலாம் கணினியின் டிஸ்க்கில் சேமிக்கும்படி மாற்றினேன். அன்றிலிருந்து அந்த அறைச் சுவிட்சை அவர் தொட்டதில்லை. துடைக்கும்போதுகூடத் தள்ளி நின்றே துடைப்பார்.

முதல் கணக்கு முடிந்தது. வரைபடத்தில் மேட்டின் நடுவே ஒரு சிவப்புப் பட்டை. அதன் அடிப்பகுதி லயத்தின் நாலாவது, ஐந்தாவது, ஆறாவது வீடுகளின் மேல் வந்து நின்றது. ஐந்தாவது யாருடையது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

உங்களிடம் கொண்டுவந்தேன். நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் பார்த்தீர்கள்.

"மண்ணின்ர ஆழம் எவ்வளவு எண்டு போட்டனீர்?"

"எல்லா இடத்துக்கும் ஒரே அளவு, சேர். ஊகம்தான்."

"ஊகத்தில மலையை விழுத்தலாமோ? அளந்துகொண்டு வாரும். பிறகு பாப்பம்."

அது நியாயம். அதில் எனக்குக் கோபம் இல்லை. அளக்கத்தான் போனேன். ஆளுயரத்துக்கு மேல் நீளமான இரும்புக் கம்பி ஒன்றில், அக்காவின் மூத்த மகள் நகப்பூச்சால் சாண் கணக்குக்குக் கோடு போட்டாள். மண்ணில் குத்தி இறக்க வேண்டும். பாறையில் தட்டும் இடத்தில் கோட்டைப் பார்த்து எழுத வேண்டும். ஐந்து ஞாயிறு. அக்காவும் அவளோடு மலைக்குப் போகும் மூன்று பெண்களும் வந்தார்கள். எனக்குச் சறுக்கும். அவர்களுக்குச் சறுக்காது. அட்டை கடித்து என் கால் முழுக்க இரத்தம்.

"தொரைக்கு அட்ட கடிச்சிருச்சி, சுண்ணாம்பு கொண்டாங்க" என்று ஒருத்தி கூவினாள்.

"இவன் தொரையா வந்தான்னா நமக்குக் கொழுந்து வேல இல்லடி, கம்பி குத்துற வேலதான்" என்றாள் இன்னொருத்தி.

அக்கா கம்பியில் தொங்கிக்கொண்டே சொன்னாள்: "குத்துங்கடி. கம்ப்யூட்டரு கேக்குதாம்."

எண்பத்தாறு இடங்கள் குத்தினோம். வெடிப்பு விழுந்த பாதைக்குக் கீழே கம்பி முழுதும் உள்ளே போனது. பாறை தட்டவே இல்லை. எல்லோரும் திரும்பிக் கீழே லயத்துக் கூரையைப் பார்த்தார்கள். எழுதுவதற்காக நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

என் வாழ்நாளில் தனியாக இல்லாத நாட்கள் என்று எண்ணினால் அந்த ஐந்து ஞாயிறும்தான்.

இரண்டாவது கணக்கைத் தொடக்கினேன். பதினான்கு நாள் என்று காட்டியது. ஒவ்வொரு நாளும் அக்கா தொலைபேசியில் கேட்பாள், "இன்னிக்கி எத்தன?" "ஏழு." "இன்னிக்கி?" "எட்டு." வேறு ஒன்றும் பேச மாட்டோம். அது போதுமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை, பிரிவுக்கு நீங்கள் வாங்கிய பெரிய கணினிக்கு, அந்தப் புதிய சேர்வருக்கு, திறப்பு விழா. வெளியில் இருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள். என்னைக் கண்டி டவுனுக்குப் போய் ரோல்ஸும் பெட்டிஸும் கேக்கும் எடுத்து வரச் சொன்னீர்கள். போனேன். த்ரீவீலில் மடி நிறையப் பெட்டிகளோடு திரும்பி வந்தேன். கீழ்மாடித் தாழ்வாரத்தில் என் கணினிகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. கேபிள்களைக் கழற்றக்கூட இல்லை. இழுத்திருக்கிறார்கள். அறைக்குள் மேசைகள், வெள்ளை விரிப்பு, தேநீர்க் கோப்பைகள். நான் சுமந்து வந்த ரோல்ஸை வைப்பதற்குத்தான் அந்த அறை தேவைப்பட்டிருக்கிறது.

அந்த அம்மா சுவரோரம் நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"நான் ஓஃப் பண்ண மாட்டேன் சொன்னது, மாத்தையா. அந்த மாத்தையா, உங்களைத்தான், வரட்டும் சொன்னது. அப்ப பெரிய மாத்தையா கதிரை மேல ஏறி அவரே ஓஃப் பண்ணினது."

சுவிட்ச் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் கதிரை போட்டு ஏறியிருக்கிறீர்கள். படிக்காத ஒரு பெண், ஒருமுறை தெரியாமல் செய்த பிழைக்காக அந்தச் சுவிட்சைத் தொடாமல் கைகட்டி நிற்கிறார். நீங்கள் தெரிந்தே ஏறினீர்கள். கணக்கு ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். முந்திய நாள்தான் "பதினொன்று முடிகிறது, சேர்" என்று சொல்லியிருந்தேன்.

விழாவில் நீங்கள் பேசினீர்கள். ஒரு பெட்டிக்குள்ளேயே பல கணினிகள் சேர்ந்து உழைப்பது பற்றி அழகாகப் பேசினீர்கள். நான் தட்டில் பெட்டிஸ் பரிமாறிக்கொண்டு கேட்டேன்.

எல்லோரும் போன பிறகு முதலாம் கணினியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றினேன். பதினொரு நாள் கணக்கும் அதில் இருக்கிறது. நீங்கள் கையை நீட்டினீர்கள்.

"என்னட்டத் தாரும். பத்திரமா வைக்கிறன். கிழமை முடிய புதுசில போட்டுப் பாப்பம்."

பிரதி எடுக்காமல் கொடுத்தேன். அது என் பிழை. பழுப்பு உறையில் போட்டு, மேலே "மேடு, 11 நாள்" என்று எழுதி உங்கள் கையில் தந்தேன். நீங்கள் அதை உங்கள் அறை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தீர்கள். அடுத்த வாரம் லொறி வந்து மற்ற எல்லாவற்றையும் கழிவு என்று ஏற்றிக்கொண்டு போனது.

ஆறு வாரம் கேட்டேன். முதலில் "பாப்பம்" என்றீர்கள். பிறகு "உமக்கு வேற வேலை இல்லையோ?" என்றீர்கள். கடைசியில் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னீர்கள்: "இதில கை வைச்சா தோட்டம், அரசாங்கக் கச்சேரி எல்லாம் கேள்வி கேக்கும். உம்மட அக்காவுக்காக எங்கட பேரைக் கெடுக்கேலாது."

லயத்து ஆட்கள் பொறுக்கவில்லை. நாற்பது பேர் கையொப்பம் வைத்து நிறுவனத்துக்கு எழுதினார்கள். முடிவு என்ன, எப்போது தருவீர்கள் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். உங்கள் பதில் இரண்டே வரி. இவ்வாறான எந்தக் கணிப்பும் எமது நிறுவனத்தில் மேற்கொள்ளப்படவில்லை. கீழே உங்கள் கையொப்பம்.

அந்தப் பதில் லயத்துக்குப் போய்ச் சேர்ந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனேன். பாதையில் நின்ற ஒருவன் சத்தமாகக் கேட்டான், "என்ன தொரை, கம்ப்யூட்டரு இன்னிக்கி என்ன பொய் சொல்லுச்சி?" கம்பி குத்திய பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்றார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"கணக்கு போட்டியா, போடலியா? அத மட்டும் சொல்லு."

"போட்டேன் அக்கா."

"அப்ப ஏன் இல்லன்னு எழுதியிருக்கு? அஞ்சி ஞாயித்துக்கெழம ஊரையே மேட்டுல ஏத்தி விட்டியே. நாள பின்ன நான் அவங்க மொகத்துல முழிக்க வேணாமா?"

"என்கிட்ட முதல் வரைபடம் இருக்கு. அத காட்டலாம்."

"கிராம சேவகர்கிட்ட காட்டிட்டேன்டா. கையெழுத்து இல்லாத தாளு கடல சுத்தத்தான் ஆகும்னு சொல்லிட்டாரு." கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள். "நீ கொஞ்ச நாளைக்கு வராத. கையெழுத்தோட வா."

இப்போது மழை தொடங்கிவிட்டது. குண்டசாலையில் என் அறைக் கூரையிலும் அது விழுகிறது. அக்கா தொலைபேசியில் எண் கேட்பதில்லை. நான் எடுத்தால் மகள்தான் பேசுகிறாள். "அம்மா மலைக்கிப் போயிட்டாங்க மாமா" என்கிறாள், ஞாயிற்றுக்கிழமையிலும். வேலைக்குப் போகிறேன், தாளை இழுத்து எடுக்கிறேன், திரும்பி வருகிறேன். கீழ்மாடி அறையைக் கடக்கும்போது காது தானாக விசிறிச் சத்தத்தைத் தேடுகிறது. அந்த அம்மா மட்டும் என்னைப் பார்த்தால் துடைப்பத்தை நிறுத்தி ஒரு கணம் நிற்பார்.

என் கணக்கு சரி என்று நான் சத்தியம் பண்ணவில்லை. நான் கலாநிதி இல்லை. பிழையாக இருக்கலாம். பிழை என்றால் அந்த எட்டு வீட்டுக்காரர்களும் பயம் இல்லாமல் தூங்கட்டும். நான் பொய்யன் என்ற பெயரோடு இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் சரியாக இருந்தால்? மிச்சம் இருந்தது மூன்று நாள், அதுவும் கிழட்டுக் கணினிகளில். உங்கள் புதிய சேர்வரில் ஒரு காலைப் பொழுது போதும்.

இதை எழுதிய பிறகு எனக்கு அந்த வேலை இருக்காது. பரவாயில்லை. எனக்கு உங்கள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு சொல்லும் பதில் வேண்டாம். இன்னொரு கடிதமும் வேண்டாம். தோட்டத்தில் காலை ஆறரை மணிக்கு எல்லோரும் பெரட்டுக்களத்தில் கூடுவார்கள். அன்றைய நிரை அங்கேதான் பிரிப்பார்கள். அங்கே வாருங்கள். அலுமாரி மேல்தட்டில் இருக்கும் அந்தப் பழுப்பு உறையையும் கொண்டு வாருங்கள். என் அக்காவும் அந்த நாற்பது பேரும் முன்னால் நிற்க, எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்: கணக்கு நடந்ததா, இல்லையா? நடந்தது என்றால், மிச்ச மூன்று நாளை எப்போது போட்டு முடிப்பீர்கள்?